பத்தொன்பது நொடி

மூன்று முறை கேட்டதுதான் நறுமுகை செய்த குற்றம். அதிலும் முதல் முறையை யாரும் குறை சொல்லவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும்தான் சட்டத்துக்கு ஆகாமல் போயின.

கேட்ட இடம் திருப்பூரில், நொய்யல் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு லைன் வீடு. வரிசையாகப் பத்து வாசல்கள். ஏழாவது வாசல் லோகித்தினுடையது. லோகித் என்ற பெயரைக் கேட்டதுமே அந்தக் காலத்து ஆள் என்று தெரிந்துவிடும். இந்த இரண்டாயிரத்து எழுபதுகளில் யார் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்கிறார்கள்? அவருக்கு வயது அறுபத்தொன்று. பனியன் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் நிட்டிங் ஃபிட்டராக இருந்தவர். துணியில் மெல்லிய கோடு விழுந்தால், இரண்டாயிரம் ஊசிகளில் எது உடைந்தது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார் என்று பேர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. சர்க்கரை உண்டு. வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், எட்டு மாதமாக ஆறாமல் இருந்தது.

நறுமுகை ஒரு வழித்துணை. அதுதான் அவளுடைய பதவியின் பெயரும் கூட. தனியாக இருக்கிற, முடியாமல் போன ஒரு ஆளுக்கு ஆஸ்பத்திரி ஒரு பக்கம், ஓய்வூதியம் ஒரு பக்கம், மருந்துக்கடை, வண்டி, வீட்டுச் சான்று எல்லாம் வேறு வேறு பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இயந்திரம் இருக்கிறது. ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாது. இந்தக் கதவில் வாங்கியதை அந்தக் கதவில் கொடுத்து, அந்தக் கதவில் சொன்னதை இந்த ஆளுக்குப் புரிய வைத்து, கூடவே நடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது வழித்துணையின் வேலை. அதற்குக் கட்டணம் கிடையாது. நறுமுகைக்கு முப்பத்தெட்டு வயது, எட்டு வருஷமாக இதைச் செய்கிறாள். பேசுகிறவரை எப்போதும் தன் வலது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் முகத்தைப் பார்ப்பாள். அக்கறையாகக் கேட்கிற பெண் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் வாங்கியிருந்தாள்.

அவள் போன அன்று லோகித் வாசலிலேயே நின்று வரவேற்றார். ஒரு காலில் செருப்பு, மறு காலில் துணிக்கட்டு. உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

"காப்பி சாப்பிடறீங்களாம்மிணி?"

"வேண்டாங்கண்ணா, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."

"பால் காஞ்சுட்டுத்தான் இருக்குது. ஒரு வாய் குடிங்க."

"எதுக்குங்கண்ணா உங்களுக்குச் சிரமம்."

"அதெல்லாம் முடியாது. ஊட்டுக்கு வந்துட்டு வாய் நனைக்காமப் போனா நல்லாவா இருக்கும்? உக்காருங்க."

உட்கார்ந்து குடித்தாள். உண்மையில் அவள் காலையிலிருந்து எதுவும் குடித்திருக்கவில்லை. காப்பி நன்றாகவே இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த வேலையைச் சொன்னாள். "அண்ணா, இந்தக் காலைப் பாக்கற வேலைய நான் எடுத்துக்கட்டுங்களா? டாக்டரு, டெஸ்ட்டு, தேதி எல்லாம் நானே பேசிருவேன். நீங்க கூட வந்தாப் போதும்."

"பரவால்லீங்கம்மிணி. இருக்கட்டுங்க."

சட்டப்படி பேச்சு அத்தோடு முடிந்தது. கையிலிருந்த மின்பலகையில் 'மறுத்தார்' என்ற பொத்தானைத் தொட்டுவிட்டு, வணக்கம் சொல்லி எழுந்திருக்க வேண்டும். இன்னும் ஆறு மாதத்துக்கு யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அவராக வாய்விட்டுக் கேட்டால் உண்டு. இதைக் கண்காணிக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி இருந்தது. தனியாக இருக்கிற எல்லோர் வீட்டிலும் அது உண்டு. நறுமுகை வீட்டிலும் ஒன்று இருந்தது, அவளும் தனியாள்தானே. அதை நடத்துகிற அரசு வாரியம் அதற்கு 'அணுக்கன்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. லைன் வீட்டுக்காரர்கள் அதைச் 'சுவத்துக்காரன்' என்றார்கள். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அது உதவி வேண்டுமா என்று கேட்கும், பதிலைக் குறித்துக்கொள்ளும். வழித்துணை வந்து பேசினால் அதையும் குறித்துக்கொள்ளும்.

நறுமுகையின் விரல் பொத்தான் வரை போனது. ஆனால் லோகித் 'இருக்கட்டுங்க' என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பிராணியை மீறிக்கொண்டு புண்ணின் வாடை வந்தது. அந்த வாடையை மறைக்கத்தான் இவ்வளவு புகை என்று அவளுக்கு விளங்கியபோது விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நெசமாத்தான் கேக்கறேனுங்கண்ணா," என்றாள். "நான் பாத்துக்கறேனே."

"சும்மா வாங்கித் தின்னு பழக்கமில்லீங்க. கையை ஊணிப் பொழைச்ச உடம்பு."

"ரோட்டு மேல நடக்கறீங்கல்ல? அதும் சும்மாதான் கெடக்குது. அதுக்குக் கூச்சப்பட்டு ஊட்டுக்குள்ளயேவா இருக்கறீங்க?"

லோகித் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவள் மூன்றாம் முறை கேட்டாள். "கூட வரட்டுங்களாண்ணா?"

"வாங்கம்மிணி," என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

சுவரில் பச்சையாக இருந்த விளக்கு மஞ்சளாக மாறியது. நறுமுகை அதைப் பார்க்கத்தான் செய்தாள். எட்டு வருஷத்தில் முதல் முறையாகச் சட்டத்தை மீறியிருக்கிறாள். ஆனாலும் காலைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் புகைப்படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

அதற்கடுத்த ஒன்பது நாட்களைச் சொன்னாலே மூச்சு வாங்கும். புண் மருத்துவமனையின் இயந்திரம் சர்க்கரை அறிக்கை கேட்டது. அறிக்கை தருகிற இயந்திரம் முகவரிச் சான்று கேட்டது. முகவரிச் சான்று மனைவி பேரில் இருந்தது; மனைவி இறந்த சான்றில் லோகித்தின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. இதற்குத்தான் அவர் எட்டு மாதம் முன்னால் தனியாக இரண்டு கதவு ஏறி இறங்கிவிட்டு, போதுமடா சாமி என்று வீட்டோடு இருந்துவிட்டார். நறுமுகை பதினோரு கதவும் ஏறினாள். மூன்று இடத்தில் கெஞ்சினாள், ஓரிடத்தில் சண்டை போட்டாள், ஓரிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க நகராமல் நின்றாள். ஒன்பதாம் நாள் ரத்தக்குழாய் மருத்துவர் லோகித்தின் காலைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை பண்ணிடலாம்," என்றார் அந்த அம்மாள். "குழாயைத் திறந்துவிட்டா ரத்தம் இறங்கும், புண்ணு ஆறிடும். அடுத்த மாசம் வந்தீங்கன்னா நான் குழாயைத் திறக்க மாட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுக்கறதுக்குத்தான் தேதி குடுப்பேன்."

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபோது நறுமுகையின் பலகை அதிர்ந்தது. மறுவினாத் தடைச் சட்டப்படி நோட்டீஸ். லோகித்திடமிருந்து பெற்ற சம்மதம் தூண்டிப் பெற்றது என்று கருதப்படுவதால் நிறுத்தி வைக்கப்படுகிறது. அவர் மனம் தெளிய முப்பது நாள் ஆறப்போட வேண்டும். அதுவரை அவரே சொன்னாலும் செல்லாது. உயிருக்கு ஆபத்தென்றால் விலக்கு உண்டு. கால் உயிரில் சேராது. விசாரணை செவ்வாய்க்கிழமை.

இருவரும் மருத்துவமனை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நறுமுகை வழக்கம்போல அவரைத் தன் வலது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நோட்டீஸைப் படித்துக் காட்டினாள்.

"கேட்டது தப்புங்களா?" என்றார் லோகித்.

"ரெண்டாந்தடவை கேட்டது தப்புங்கண்ணா."

"எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமுங்க இது?"

"நல்லவங்கதான் போட்டாங்க. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால, இந்த மாதிரிச் சுவத்து மெஷினையெல்லாம் கம்பெனிக்காரங்க வெச்சிருந்தாங்க. தனியா இருக்கறவங்களா பாத்து, இத வாங்கிக்க, அத வாங்கிக்கன்னு ஓயாமக் கேக்கும். ஒரு பெரியவர்கிட்ட, ஊட்டை எழுதிக் குடுத்துட்டு விடுதிக்கு வந்துருன்னு நானூத்திப் பன்னெண்டு தடவை கேட்டுதாம். நானூத்திப் பதிமூணாவது தடவை அவர் சரின்னுட்டார். அப்புறம் போட்டதுதான் இந்தச் சட்டம். இல்லைன்னு சொன்னா இல்லைதான், மறுக்காக் கேக்கக் கூடாது."

லோகித் கட்டுப்போட்ட காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டார். "சரியான சட்டந்தானுங்க அது," என்றார்.

"சரியான சட்டந்தான்," என்றாள் நறுமுகை. அதுதான் அவளுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். தப்பான சட்டமென்றால் எதிர்த்துக் கத்தலாம்.

செவ்வாய்க்கிழமைக்குள் பதினாலு பக்கம் எழுதிவைத்தாள்.

விசாரணை அறை சிறியது. நீளமாக ஒரு மேஜை. தலைமாட்டில் விசாரணை அலுவலர் எஸ்தர் நளாயினி. அறுபத்தெட்டு வயது, நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். அந்த நானூற்றுப் பன்னிரண்டு தடவை வழக்கில் பெரியவருக்காக வாதாடியவர் அவர்தான். மறுவினாத் தடைச் சட்டத்தின் முதல் வரைவும் அவர் எழுதியது. இது தெரிந்தபோதே நறுமுகைக்குப் பாதி உயிர் போய்விட்டது. எதிர்ப்பக்கம் அணுக்கன் வாரியத்தின் பொறியாளர் பிரஜன். நாற்பத்தைந்து வயது இருக்கும், சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார், அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நறுமுகைக்குப் பக்கத்தில் லோகித், சலவைச் சட்டை போட்டு, கட்டுப்போட்ட காலை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரஜன் சுருக்கமாகப் பேசினார். "இந்த மாவட்டத்துல மூணு வருஷத்துல நாப்பத்தாறாயிரம் பேர்கிட்ட உதவி வேணுமான்னு கேட்டிருக்கோம் மேடம். நாப்பத்தோராயிரத்து எண்ணூறு பேர் வேண்டாம்னுட்டாங்க. பத்துல ஒன்பது பேர். அவங்க விருப்பத்தை மதிக்கணும். அதனால சம்மதத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கறோம். கூடவே, யாரும் கேக்காத ஒரு சேவைக்கு இங்க வழித்துணை அலுவலகம் எதுக்குன்னும் வாரியம் யோசிக்குது. மாசக் கடைசியில மூடிடலாம்னு பரிந்துரை."

அலுவலகத்தை மூடப்போவது நறுமுகைக்குப் புதுச் செய்தி. ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு அலுவலகம் பெரிதாகப் படவில்லை. இன்று செவ்வாய், நாளை மறுநாள் வியாழன், மேஜைக்கு அடியில் ஒரு கால். அவ்வளவுதான் அவள் தலைக்குள் ஓடியது.

அவள் முறை வருவதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது. கதவு திறந்து, தேநீர் வண்டி தானாக உருண்டு வந்தது. அரசாங்கக் கட்டடங்களில் எல்லாம் இப்போது அதுதான், ஏலக்காய் மணக்க மணக்க ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "தேநீர் வேண்டுமா?" என்று கேட்கும்.

"இருக்கட்டுங்க," என்றார் லோகித்.

"பரவால்ல," என்றார் பிரஜன்.

எஸ்தர் நளாயினி காகிதத்திலிருந்து தலை தூக்காமல், "வேண்டாம்பா," என்றார்.

நறுமுகைக்கு முன்னால் வந்து கேட்டது. அவளும் வேண்டாம் என்றாள். வண்டி நாலு கோப்பையையும் சுமந்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் கதவை நோக்கி உருண்டது.

பிரஜனின் கண்கள் அதன் பின்னாலேயே கதவு வரை போனதை நறுமுகை பார்த்தாள். லோகித்தின் கண்ணும் போனது. எஸ்தர் நளாயினி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூடின கதவை ஒரு கணம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் அன்றைக்கு அவளுக்குக் கை கொடுத்தது. பதினாலு பக்கத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இவர்கிட்டத்தான்." பிரஜனின் பக்கம் திரும்பினாள். "சார், வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம் அவங்க என்ன பண்றாங்க?"

"புரியல."

"பதில் சொன்ன உடனே சுவத்துக்காரன் காதை மூடிக்குமுங்களா?"

"இல்ல. ஏதாவது மறந்துட்டுத் திரும்பச் சொன்னா தவறவிடக் கூடாதில்ல? அவங்க அந்த இடத்தை விட்டு நகர்ற வரைக்கும் திறந்துதான் இருக்கும்."

"எவ்வளவு நேரம் திறந்திருந்துதுன்னு கணக்கு இருக்குங்களா?"

"இருக்கும். யாரும் எடுத்துப் பாத்ததில்ல."

"இப்பப் பாருங்க சார். ஃபேனை நிறுத்தட்டுமா, லைட்டைப் போடட்டுமான்னு கேட்டு வேண்டாம்னு சொல்றாங்கல்ல, அப்ப எவ்வளவு நேரம் நின்னாங்க. உதவி வேணுமான்னு கேட்டு வேண்டாம்னு சொன்னப்ப எவ்வளவு நேரம் நின்னாங்க."

பிரஜன் எஸ்தர் நளாயினியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பிரஜன் தன் பலகையைத் திறந்து எதையோ தட்டினார், காத்திருந்தார், திரும்பத் தட்டினார். நாலைந்து நிமிஷம் ஆனது. லோகித் தொண்டையைச் செருமினார். பிரஜன் மூன்றாவது முறையாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"ஃபேன், லைட்டுக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு ஒன்றரை நொடியில நகர்ந்துடறாங்க," என்றார். "உதவிக்கு வேண்டாம்னு சொன்னவங்க," என்று நிறுத்தினார். "பன்னெண்டு நொடி. சராசரி. தப்பா எடுத்துட்டேனோன்னு மூணு தடவை பாத்துட்டேன் மேடம்."

"பன்னெண்டு நொடி என்ன செய்றாங்க?" என்றார் எஸ்தர் நளாயினி.

"ஒண்ணும் செய்யல மேடம். நிக்கறாங்க."

"இவருடையதைப் போடுங்க."

லோகித் ஒப்புக்கொண்ட பிறகு பிரஜன் அதைப் போட்டார். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு காலை. அணுக்கனின் இனிமையான குரல் கேட்டது: "உங்கள் காலில் புண் இருப்பதாகத் தெரிகிறது. மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யட்டுமா?" லோகித்தின் குரல்: "வேண்டாங்க, பரவால்லீங்க." அதற்குப் பிறகு பேச்சில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம். பக்கத்து வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது. லோகித் லேசாக இருமினார். மறுபடி மின்விசிறி. சுவரும் காத்திருந்தது, ஆளும் காத்திருந்தார். பிறகு ஒரு செருப்பு தேயும் ஓசை, இழுத்து இழுத்துத் தூரப் போனது.

"பத்தொன்பது நொடி," என்றார் பிரஜன்.

லோகித் தலையைக் குனிந்துகொண்டார். தன்னுடைய அந்த இருமலைக் கேட்டது அவருக்கு வெட்கமாக இருந்தது. எஸ்தர் நளாயினி மெதுவாகக் கேட்டார். "எதுக்கய்யா அங்கேயே நின்னீங்க?"

"இன்னொருக்காக் கேக்கும்னு நெனைச்சேனுங்க."

"வேணும்னு நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"எப்படீங்க சொல்றது? கேட்ட ஒடனே ஆமான்னா, அலையறான்னு நெனைக்க மாட்டாங்களா? ஒருக்கா வேண்டாம்பம். மெய்யாலுமே குடுக்கறவங்களா இருந்தா மறுக்காக் கேப்பாங்க. எங்க அய்யன் அப்படித்தான் பழக்கியிருக்குது. மெஷினுக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

எஸ்தர் நளாயினி கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாகவே இருந்த கண்ணாடிதான். அவர் சட்டென்று இளகுகிற ஆளில்லை. நறுமுகையைப் பார்த்தபோது குரல் கடுமையாகத்தான் வந்தது.

"கேளும்மா. அந்தப் பெரியவர் பேர் தங்கப்பழம். நானூத்திப் பன்னெண்டு தடவைப் பதிவையும் நான் உக்காந்து கேட்டிருக்கேன். அழுதுகிட்டே வேண்டாம்னு சொல்லுவார், உடனே அடுத்த தடவை கேட்கும். உன் மூணு தடவைக்குக் கதவைத் திறந்தா, அதே கதவு வழியா நானூறு தடவை கேட்கறவன் உள்ளே வருவான். அவனை எப்படி நிறுத்துறது? நீ வேற, அவன் வேறன்னு எதை வச்சுச் சொல்றது?"

நறுமுகை கவிழ்த்து வைத்த பதினாலு பக்கத்தைப் பார்த்தாள். அதில் இதை எழுதியிருக்கவில்லை. வாய்க்கு வந்த உண்மையைச் சொன்னாள். "தெரியலீங்கம்மா."

"அவர் சரின்னு சொன்னதால உனக்கு என்ன கிடைச்சது?"

"எனக்குங்களா?" நறுமுகை யோசித்தாள். "வேலைதான் கூடிப்போச்சுங்கம்மா. பதினோரு கதவு."

"சம்பளத்துல ஏதாவது? பதவி உயர்வுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. வேண்டாம்னு சொல்லியிருந்தா பொத்தானை அமுத்திட்டு மத்தியானமே ஊட்டுக்குப் போயிருப்பேன்."

பிரஜன் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். எஸ்தர் நளாயினி சிரிக்கவில்லை, ஆனால் அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது. நறுமுகை அதையும் பார்த்தாள். பேனாவை எடுத்து அவர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்.

"சரி என்ற பதிலால் லாபம் அடைகிற எவரும், இயந்திரமோ மனிதரோ, ஒரு முறைக்கு மேல் கேட்கக் கூடாது. இந்தத் தடை அப்படியே நீடிக்கும். ஆனால் கட்டணமில்லாமல், தனக்கென்று எந்தப் பலனும் இல்லாமல், நேரில் வந்து உட்கார்ந்து கேட்கிற வழித்துணைக்கு இந்தத் தடை பொருந்தாது." பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "இலவசமாச் செய்றதாலதான்மா உனக்கு மறுபடி கேட்க உரிமை. சட்டத்தை எழுதும்போது இதை நான் யோசிச்சிருக்கணும். இப்போ யோசிச்சுட்டேன்." பிறகு லோகித்தைப் பார்த்து, "உங்க சம்மதம் செல்லும். வியாழக்கிழமை போய்ப் படுங்க," என்றார்.

நறுமுகைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. லோகித் எழுந்து நின்று கும்பிட்டார், கட்டுப்போட்ட காலை ஊன்றியே நின்று கும்பிட்டார். பிரஜன் மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்," என்றார் எஸ்தர் நளாயினி, "மூடுற யோசனையை வாரியம் கைவிடணும். இன்னும் நாப்பத்தோராயிரத்து எண்ணூறு பேர்கிட்ட ரெண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கு. அதுக்கு ஆள் எடுங்க." கதவைப் பார்த்தார். "யாராவது போய் அந்த டீயைத் திரும்பக் கூப்பிடுங்களேன்."

லோகித்தின் குழாயை வியாழக்கிழமை திறந்தார்கள். மூன்றாம் நாள் பெருவிரல் நகம் ரோஸ் நிறமாக மாறிவிட்டது என்று வார்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆறாவது வாரம் புண் மூடியது. இரண்டு மாதம் கழித்து, இரண்டு காலிலும் செருப்பு போட்டுக்கொண்டு வழித்துணை அலுவலகப் படியேறி வந்து, மறுகேள்வி கேட்கப் போகிறவர்கள் பட்டியலில் தன் பெயரையும் எழுதச் சொன்னார். சம்பளம் கிடையாதே என்றாள் நறுமுகை. ரோட்டில் நடந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்றார் அவர்.

அந்த வருஷம் திருப்பூர் முழுக்க ஆட்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்ற டெய்லர்கள், துணி பார்க்கிற செக்கிங் பெண்கள், பஸ் கண்டக்டர்கள். பிரஜன் சென்னையிலிருந்தே பட்டியலைப் பிரித்து அனுப்பினார். அதிக நேரம் நின்றவர்கள் மேலே, கொஞ்ச நேரம் நின்றவர்கள் கீழே. காப்பி குடித்தே வயிறு புண்ணாகிவிட்டது என்று எல்லோரும் புலம்பினார்கள். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் மூன்று முறை கேட்டும் வேண்டாம் என்றார்கள், நிஜமாகவே வேண்டாமாம். அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நறுமுகையின் வீட்டு அழைப்பு மணி அடித்தது. அவள் அது கேட்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவைக்கு மேல்தான் கதவைத் திறந்தாள். லோகித் நின்றிருந்தார், கையில் பட்டியலின் ஒரு தாள்.

"வாங்கண்ணா. படிவம் ஏதாவது தீர்ந்துபோச்சுங்களா?"

"அதெல்லாம் இருக்குதுங்கம்மிணி." உள்ளே வந்து உட்காரும்போது அவர் அவளுடைய இடது பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு, சுற்றிப் போய் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ஒதுக்குன தாள்ல மொதல் பேரு உங்களுதுங்க."

நறுமுகைக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சமையலறையில் கிறுகிறுத்து விழப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மாலை. உங்கள் இடது காதின் கேட்கும் திறன் குறைந்து வருவதாகத் தெரிகிறது, மருத்துவரிடம் ஏற்பாடு செய்யட்டுமா என்று அணுக்கன் கேட்டது. வேண்டாம், பரவாயில்லை என்றாள். எத்தனை பேருக்கு எத்தனை வேலை கிடக்கிறது, நம் காது பெரிதா என்று நினைத்தாள். அங்கேயே நின்றது மட்டும் இப்போது நினைவுக்கு வந்தது.

"எத்தனை நொடிங்கண்ணா?"

"இருவத்தாறு. என்னைய விட ஏழு கூட," என்றார் லோகித். "ஏனுங்கம்மிணி, அந்தக் காதுக்கு டாக்டரைப் பாத்துருவமா? நாளைக்கு நானே கூட வர்றேன்."

"பரவால்லீங்கண்ணா. இருக்கட்டும்."

"சரி," என்றார் லோகித். எழுந்திருக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "காப்பி வெச்சுக் குடுங்க. குடிச்சுட்டு மறுக்காக் கேக்கறேன்."

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள். பால் பொங்குவதற்குள்ளேயே திரும்பி வந்து, கதவுப் பக்கம் நின்று, "வர்றேனுங்கண்ணா," என்றாள்.

"நான் இன்னும் ரெண்டாந்தடவையே கேக்கலீங்களே," என்றார் லோகித்.

"இருக்கட்டுங்க," என்றாள் நறுமுகை. "நாளைக்கு எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க."